ஹேமக் வாங்கறதுக்கு முன்னாடி முதுகு நேராப் படுக்குதான்னு பாருங்க

ஹேமக்குன்னா ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்க விடுற துணிப் படுக்கைங்க. அதை வாங்கப் போறவங்க கடையில பண்ற மொத வேலை துணியை விரல்ல நீவிப் பாக்குறது, ரெண்டாவது அட்டையில எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்குதுன்னு படிக்கிறது, மூணாவது வெலை கேக்குறது. அதுல ராத்திரி பூராவும் தூங்க முடியுமாங்கறதைப் பத்தி இந்த மூணுமே பெருசா ஒண்ணும் சொல்லாதுங்க. நெம்ப எடை தாங்குற வெலை எச்சான ஹேமக்குல படுத்து காலையில இடுப்பைப் புடிச்சுட்டு எந்திரிக்கிறவங்களும் இருக்காங்க, சாதாரண ஹேமக்கைக் கொஞ்சம் தொய்வாக் கட்டி குறுக்கால படுத்து விடிய விடியத் தூங்குறவங்களும் இருக்காங்க. வித்தியாசம் எங்க இருக்குதுன்னா துணியோட நீளம், கட்டுற கயித்தோட சாய்வு, நாம படுக்கிற கோணம் இந்த மூணுலதான். கொக்கி, பை, கலரு எல்லாம் அதுக்குப் பொறகுங்க.

ஹேமக்குலயே ரெண்டு வகை இருக்குது. ஏற்காடு, வால்பாறை பக்கம் ரிசார்ட் போட்டோவுல பாத்திருப்பீங்க, தலைமாட்டுல ஒரு மரக்கட்டை கால்மாட்டுல ஒரு மரக்கட்டை வெச்சு துணியையோ கயித்து வலையையோ தட்டையா விரிச்சுக் கட்டியிருப்பாங்க, பாக்குறதுக்கு நெம்ப அழகா இருக்கும், ஏறி உக்காந்தாத்தான் சேதி தெரியும். துணி இறுக்கமா இழுபட்டு நிக்கிறதால ஆளோட எடை ரெண்டு கட்டு முனைக்கும் நடுவுல போற கோட்டுக்கு நெம்பக் கிட்டயே இருக்குது, சில சமயம் அதுக்கு மேலயே வந்துருது, அப்பறம் கொஞ்சம் பொரண்டாலும் போதும் ஆளைக் குப்புறக் கவுத்து விட்டுரும். மத்தியானம் அரை மணி நேரம் சாஞ்சு கெடக்க அது பரவால்ல, கேம்பிங்குக்கு வேண்டாமுங்க, கட்டையோட எடையை வேற தூக்கிட்டு மலையேறணும். கேம்பிங்குக்குன்னு விக்கிறது ரெண்டாவது வகை, அதுல கட்டை கெடையாது, துணியோட ரெண்டு முனையையும் கொசுவி ஒண்ணாச் சேத்திருப்பாங்க. ஆளு கட்டு முனைக்கு நல்லாக் கீழ தொங்குறதால பொரண்டு படுத்தாலும் கவுறாது. இனி இங்க ஹேமக்குன்னு சொன்னா இதைத்தான் சொல்றேன்.

இது மலையேறுறவங்க புதுசாக் கண்டுபுடிச்ச சாமானம் இல்லீங்க. கரீபியன் தீவுலயும் தென் அமெரிக்காவுலயும் இருந்த சனங்க எத்தனையோ காலமா இதுலதான் தூங்கியிருக்காங்க, 1492-ல கொலம்பஸ் பஹாமாஸ் தீவுப் பக்கம் போயி எறங்கினப்ப அங்க பருத்தி வலையில படுக்கை தொங்குறதைப் பாத்து எழுதி வெச்சிருக்காரு. அப்பறம் கப்பல்காரங்க புடிச்சுக்கிட்டாங்க, கப்பல் எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஆளு உருண்டு கீழ உழ மாட்டாரில்லீங்களா. இன்னைக்கும் மெக்சிகோவுல யுகடான்ங்கற பகுதியில எத்தனையோ ஊட்டுல ஹேமக்குதான் படுக்கை, செவுத்துலயே அதுக்குன்னு கொக்கி அடிச்சிருப்பாங்க. பொறந்ததுல இருந்து அதுல தூங்குற அந்த சனங்க எப்புடிப் படுக்கிறாங்கன்னு பாத்தா நம்ம கேள்விக்குப் பாதி பதில் அங்கயே கெடைச்சிருது. மரத்துக்கு மரம் நேரா நீட்டிப் படுக்கிறதில்லீங்க அவங்க, குறுக்கால படுக்கிறாங்க.

ஏன் குறுக்கால? இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டாப் போதும், மிச்சமெல்லாம் தானா வந்துரும். கொழந்தைக்குச் சேலையில தூரி கட்டுறோமுங்களே, அதுல புள்ளை சுருண்டு படுத்துக்குது, துணி எப்புடி வளையுதோ அதும் அப்புடியே வளைஞ்சுக்குது, அதுக்கு அது சொகம். ஹேமக்குல நடுக்கோட்டுல நேரா நீட்டிப் படுத்தா நமக்கும் அதே வளைசல்தான் கெடைக்கும், ஆனா நாம புள்ளை இல்லீங்களே. தலையும் காலும் மேல ஏறி இடுப்பு கீழ எறங்கிரும், தாடை நெஞ்சுல முட்டும், முழங்கால் பின்பக்கமா இழுத்துட்டு நிக்கும், ரெண்டு பக்கத் துணியும் செவுரா எந்திரிச்சு தோளை நெருக்கும். படுத்த அஞ்சு நிமிசத்துக்கு இது ஒண்ணுமே தெரியாது, ஆகா என்ன சொகம்னு போட்டோ எடுத்துப் போடுவோம், அரை மணி நேரம் கழிச்சு இடுப்பு பேச ஆரம்பிக்கும்.

இப்ப அதே ஹேமக்குல தலையை நடுக்கோட்டுல இருந்து முக்கால் அடி ஒரு அடி எடப்பக்கம் நகத்தி, காலை அதே அளவு வலப்பக்கம் நகத்திப் படுங்க. ஆளு படுத்தா நடுக்கோட்டுத் துணிதான் நல்லா இழுபட்டு வெறைப்பா நிக்கும், ஓரத்துத் துணியில தொய்வு இருக்கும். தலையும் காலும் அந்தத் தொய்வுக்குள்ள எறங்குது பாருங்க, அதனால மேல தூக்கிட்டு நின்ன ரெண்டு முனையும் தாழ்ந்து கிட்டத்தட்ட இடுப்பு மட்டத்துக்கு வந்துருது. முதுகு நேராயிருது. இதை ஆரு சொன்னாலும் நம்ப மாட்டாங்க, துணி தொங்குது அதுல எப்புடிங்க நேராப் படுக்க முடியும்னு எகத்தாளமா கேப்பாங்க, ஒருதடவை படுத்துப் பாத்தா அப்பறம் பேச மாட்டாங்க. ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கும் குறுக்கால படுத்தாத்தான் எடம் பத்தும்.

ஆனா குறுக்கால படுக்கறதுக்கு ஓரத்துல தொய்வு வேணும், தொய்வு வேணும்னா கட்டுறப்ப இறுக்கக் கூடாது. மொதத் தடவை கட்டுறவங்க முக்காவாசிப்பேரு இங்கதான் கோட்டை விடுறாங்க. துணி தொங்கினா இடுப்பு வளைஞ்சுரும்னு பயந்துட்டு ரெண்டு பக்கமும் புடிச்சு இழு இழுன்னு இழுத்து கொடிக்கயிறு கணக்கா கட்டுவாங்க, அதுல படுத்தா ஓரம் ரெண்டும் மடங்கி வந்து மேல மூடிக்கும், குறுக்கால போக எடமே இருக்காது. கட்டுற கயிறு தரைக்குச் சமமா போற கோட்டுல இருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாஞ்சு எறங்கணும், அதுதான் பொதுவா எல்லாரும் வெச்சுக்கற கணக்கு. கோணமானி தேட வேண்டாமுங்க, போன்லயே சாய்வு பாக்குற ஆப் இருக்குது, அதைக் கயித்து மேல வெச்சாத் தெரிஞ்சிரும். அதும் வேண்டாம்னா ஏழடி தள்ளிப் போனா நாலடி ஏறணும்னு ஞாபகம் வெச்சுக்கங்க, கிட்டத்தட்ட அதே 30 டிகிரிதான்.

சாய்வுல இன்னொரு விசயமும் இருக்குது, அது சொகத்தைப் பத்தினது இல்ல உசுரைப் பத்தினது. 70 கிலோ ஆளு படுத்தா 30 டிகிரியில ஒவ்வொரு பக்கக் கயித்துலயும் 70 கிலோ இழுவை வரும். 15 டிகிரிக்கு இறுக்கிக் கட்டினா ஒரு பக்கத்துக்கு 135 கிலோ, 10 டிகிரின்னா 200 கிலோ, 5 டிகிரிக்கு வெறைப்பா இழுத்துட்டா 400 கிலோ ஆயிருது. ஆளு அதே ஆளுதான், எடை ஏறவே இல்ல, கயிறு எவ்வளவுக்கெவ்வளவு படுக்கையா போகுதோ அவ்வளவுக்கவ்வளவு அந்த எடையை மேல தூக்கிப் புடிக்க எச்சா இழுக்க வேண்டியிருக்குது, அவ்வளவுதான். இது சும்மா அசையாமப் படுத்துக் கெடக்குறப்ப வர்ற கணக்கு, பசங்க குதிச்சு ஏறினா இன்னும் எகிறும். சின்ன மரத்துலயோ மொட்டை மாடிக் கைப்புடிச் செவுத்துலயோ ஹேமக்கை இறுக்கிக் கட்டுறவங்களுக்கு இதை யாராச்சும் சொல்லி வெக்கணும், கைப்புடிச் செவுரு பக்கவாட்டுல இழுக்கறதுக்குன்னு கட்டினது இல்லீங்க.

ஒவ்வொரு தடவையும் கோணம் பாத்துட்டு இருக்க முடியாதுங்கறதுக்குத்தான் நல்ல ஹேமக்குல ஒரு ரிட்ஜ்லைன் வெச்சிருப்பாங்க, அதாவது ரெண்டு முனையையும் நேரா இணைக்கிற மெல்லிசான, நீளாத கயிறு. அதோட நீளம் துணியோட நீளத்துல சுமாரா 83 சதவீதம் இருக்கணும், 11 அடி ஹேமக்குன்னா 9 அடிக்கு ஓரங்குலம் ரெண்டங்குலம் எச்சா. இது இருந்துட்டா மரம் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் துணியோட தொய்வு மாறவே மாறாது, தினமும் ஒரே படுக்கை. படுத்துட்டு அந்தக் கயித்தை ரெண்டு விரல்ல புடிச்சு வளைச்சுப் பாருங்க, லேசா வளைஞ்சு குடுத்தா கட்டு செரி, கம்பியாட்டம் வெறைச்சுட்டு நின்னா இறுக்கிட்டீங்கன்னு அர்த்தம். கண்ணாடி, டார்ச், போன் பையெல்லாம் அதுலயே தொங்க விட்டுக்கலாம், அது தனி வசதி. ஒரு ஹேமக்கோட டிசைன்ல மொதல்ல நான் தேடுறது இதைத்தான், இல்லாட்டியும் குத்தமில்ல, நாமளே கட்டிக்கலாம், ஆனா ரிட்ஜ்லைனோட வர்றதுன்னா செஞ்சவங்க அதுல படுத்துப் பாத்துட்டுத்தான் வித்திருக்காங்கன்னு ஒரு நம்பிக்கை.

நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு, உங்க ஒசரத்தோட குறைஞ்சது நாலடி சேத்துக்கங்க. அஞ்சேமுக்கால் அடி ஆளுக்குப் பத்தடி வேணும், 11 அடி இருந்தா இன்னும் நல்லது. கடையில ‘டபுள்’னு போட்டு விக்கிற பல ஹேமக்குக அகலத்துலதான் டபுள், நீளம் ஒம்பது ஒம்பதரை அடியோட நின்னுரும். ரெண்டு பேருக்குன்னு வாங்கி ரெண்டு பேரும் படுத்தா நடுவுல உருண்டு ஒருத்தர் மேல ஒருத்தர் கெடக்க வேண்டியதுதான், கண்ணாலமான புதுசுல வேணா ஓடும். அகலம் அஞ்சடி, அஞ்சரை அடி ஒரு ஆளுக்குத் தாராளம், அதுக்கு மேல போனா மிச்சத் துணி காத்துல மூஞ்சி மேல படபடன்னு அடிச்சுட்டே இருக்கும். காசைப் போடுறதா இருந்தா நீளத்துக்குப் போடுங்க.

செரி, இதை நம்ம ஊரு மரத்துல வெச்சுப் பாப்போம். 11 அடி ஹேமக்கு, ரெண்டு மரத்துக்கும் நடுவுல 15 அடி எடைவெளின்னா ஹேமக்கைக் கட்டுற நாடாப் பட்டையை மரத்துல ஆறடி ஒசரத்துக்குச் சித்தே கீழ கட்டினா, உக்காருறப்ப பொச்சு தரையில இருந்து ஒன்றரை அடி ஒசரத்துல, நாற்காலி மட்டத்துல வரும். எடைவெளி 20 அடின்னா ஏழடிக்கு மேல கட்டணும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பைப் பாத்ததும் எல்லாருக்கும் ஹேமக் ஆசை வந்துரும், ஆனா தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி எடைவெளி விட்டுத்தான் நடுறது, அதுக்கு எட்டரை அடி ஒசரத்துல கட்ட வேண்டி வரும், ஏணி வேணும். ஏணி எடுத்துட்டு வந்தாலும் வேண்டாமுங்க. தேங்காயும் மட்டையும் நேரங்காலம் பாத்து உழுவுறதில்ல, படுத்திருக்கிறவன் தலைக்கு நேரா மேல அது தொங்குது. தேங்காய் தலை பாத்து உழுவும்னு பெரியவங்க சொல்றதை நம்பி அதுக்கடியில தூங்க நான் தயாரில்ல. பனையும் அப்புடித்தான், காஞ்ச மட்டை கருக்கோட வந்து எறங்கும்.

வேம்பு, புளி, வாகை இதெல்லாம் நல்லா வெளைஞ்ச மரமா, ஒரு சாண் குறுக்களவுக்குக் குறையாம, உசுரோட இருந்தாச் செரி, மேல காஞ்ச கொப்பு ஏதும் தொங்குதான்னு மட்டும் அண்ணாந்து பாத்துக்கணும். முருங்கை பக்கமே போவாதீங்க. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுல வெள்வேல மரம் நெழலுக்கு நெம்ப அருமை, ஆனா கீழ உழுந்து கெடக்குற முள்ளு செருப்பையே தொளைக்கும், ஹேமக் துணி எம்மாத்திரம். மாமரத்துல கட்டுறதுக்கு முன்னாடி முசுறு கூடு இருக்குதான்னு பாத்துருங்க, நீங்க படுத்த பொறகு அதுக பட்டை வழியா வரிசை கட்டி எறங்கி வந்தா அப்பறம் இந்தக் கட்டுரையெல்லாம் ஞாபகத்துல இருக்காது.

இப்பப் படுத்துப் பாக்குற விதம். கடையில தொங்க விட்டிருந்தாலோ ஆருகிட்டயாவது இருந்தாலோ ரெண்டு நிமிசம் ஏறி எறங்கிட்டு நல்லாருக்குதுன்னு சொல்லாதீங்க, அரை மணி நேரமாவது கெடங்க. மொதல்ல தோளு, கைய நெஞ்சு மேல கட்டிக்காம சும்மா பக்கத்துல போட முடியுதா, இல்ல துணி நெருக்குதா? நெருக்குச்சுன்னா ஒண்ணு கட்டு இறுக்கம், இல்லாட்டி ஹேமக் குட்டை. அப்பறம் முழங்கால், பின்பக்கம் இழுத்தா இன்னும் கொஞ்சம் குறுக்கால நகந்து பாருங்க, அப்பவும் இழுத்தா முட்டிக்கடியில ஒரு துண்டைச் சுருட்டி வெச்சுப் பாருங்க. அடுத்தது கெண்டைக்கால், இதை நிறையப்பேரு கவனிக்கறதில்ல. குறுக்கால படுக்குறப்ப நடுக்கோட்டுல வெறைப்பா நிக்கிற துணி கெண்டைக்காலுக்கு அடியில ஒரு வரப்பா வந்து அழுத்தும், குட்டை ஹேமக்குல இது கண்டிப்பா இருக்கும், ராத்திரியில காலு மரத்துப்போறதுக்கு இதுதான் காரணம். நீளம் கூடக்கூட அந்த வரப்பு மழுங்கிரும். சில கம்பெனிக்காரங்க கால் போற மூலையில மட்டும் துணியை எச்சா வெச்சு ஒரு பெட்டியாத் தெச்சிருப்பாங்க, சிலர் துணியையே கோணலா வெட்டி குறுக்காலதான் படுக்க முடியுங்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. அதெல்லாம் நல்ல டிசைன்தான், ஆனா தலை எடப்பக்கம் கால் வலப்பக்கம்னு ஒரே திசைதான் வரும், நீங்க பழக்கத்துல அதுக்கு எதிர்த்திசையில படுக்கிற ஆளா இருந்தா தூக்கம் வராது, வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.

தூக்கத்துல கால்மாட்டுப் பக்கமா சறுக்கிட்டே போறீங்கன்னா அது ஹேமக்கோட குத்தமில்ல. நம்ம எடையில பெரும்பங்கு இடுப்புக்கு மேலதான் இருக்குது, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல கட்டினா ஒடம்பு அது பாட்டுக்கு நடுப்பள்ளத்தைத் தேடி நகரும். கால்மாட்டுப் பக்கத்தை அரை அடியில இருந்து ஒரு அடி வரைக்கும் ஒசத்திக் கட்டினா நின்னுரும். கடைசியா எந்திரிச்சுப் பாருங்க, காலை வெளிய போட்டு உக்காந்து எந்திரிக்க சுலுவா இருக்குதா இல்ல ஓரத் துணி தொடைக்கடியில வெட்டுதா. வயசானவங்களுக்கு, முட்டி வலி இருக்கறவங்களுக்கு இதுதான் மொதக் கேள்வியே.

ஆடுறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. லேசா ஆட்டினா தூக்கம் வரும்னு எல்லா அமுச்சிக்கும் தெரியும், 2011-ல ஜெனீவா பல்கலைக்கழகத்துல 12 ஆம்பளைங்களை மெதுவா ஆடுற கட்டில்ல மத்தியானம் 45 நிமிசம் தூங்க வெச்சு மூளை அலையை அளந்து பாத்தாங்க, ஆடாத கட்டிலை விட ஆடுற கட்டில்ல சீக்கிரம் தூங்கினாங்க, தூக்கமும் ஆழமா இருந்துச்சு. அவங்க ஆட்டினது நெம்ப மெதுவா, நாலு செகண்டுக்கு ஒருக்கா போயி வர்ற ஆட்டம். காத்துல தாறுமாறா ஆடுறது அந்தக் கணக்குல சேராது, அது நிக்கணும்னா ஹேமக்கோட ஓரத்துல இருந்து ஒரு மெல்லிசு கயித்தைத் தரையில முளை அடிச்சுக் கட்டி விட்டாப் போதும்.

துணி விசயத்துக்கு வருவோம், இதுல நம்மூருக்காரங்களுக்கு ஆரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, ஆனா ஒரு எடத்துல தலைகீழாப் போகும். திருப்பூர்ல பருத்தி நூலைக் கவுண்ட் கணக்குல சொல்லிப் பழகினவங்களுக்கு நெம்பர் ஏறினா நூலு மெல்லிசு. ஹேமக் துணியில போட்டிருக்கிறது டெனியர், 9000 மீட்டர் நூலு எத்தனை கிராம் எடை இருக்குதோ அதுதான் டெனியர், அதனால நெம்பர் ஏறினா நூலு தடிமன். 70 டெனியர் நைலான் உறுதியா ஒழைக்கும், 40 டெனியர் எடை கம்மி, பையில சின்னதா மடங்கும், ஆனா முள்ளு, பெல்ட் பக்கிள் பட்டா சங்கடம். ரிப்ஸ்டாப்புன்னு போட்டிருந்தா நடுநடுவுல கட்டம் கட்டமா தடிச்ச நூலு ஓட்டியிருப்பாங்க, ஒரு எடத்துல கிழிஞ்சாலும் அந்தக் கட்டத்தோட நின்னுரும். நைலான் கொஞ்சம் இழுபடும், ஈரத்துல இன்னும் எச்சா, ராத்திரி கட்டினது விடியறப்ப நாலு விரக்கடை எறங்கியிருக்கும். பாலியஸ்டர் அவ்வளவு இழுபடாது. இழுபடுறது மோசம்னு சொல்ல வரல, சிலருக்கு அந்த இளக்கம்தான் புடிக்கும், எனக்கு இழுபடாத துணிதான் முதுகுக்கு ஒத்துக்குது.

பருத்தியில படுக்கற மாதிரி சொகம் வேற எதுலயும் கெடையாது, வேர்வையை உறிஞ்சும், நைலான்ல வேகாத வெயில்ல படுத்தா முதுகு ஒட்டும். ஊட்டுத் திண்ணையில, தோட்டத்துச் சாளையில நெரந்தரமாக் கட்டி வெக்கறதுக்குப் பருத்தியேதான். மலைக்கு எடுத்துட்டுப் போறதுன்னா எடையும் எச்சு, நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது. சொந்தமாத் தெச்சுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, தாராளமா, ஆனா பனியன் துணி ஆகாது, அது பின்னல் துணி, இழுத்தா போயிட்டே இருக்கும். தறியில நெய்த துணி வேணும், அது சோமனூர், பல்லடம், சென்னிமலைன்னு நம்மைச் சுத்தியே ஓடுது. சென்னிமலை பெட்ஷீட்டு துணி என்னமோ அருமை, ஆனா சாதாரண டபுள் பெட்ஷீட்டு எட்டு எட்டரை அடிதான் நீளம், பெரியவங்களுக்குப் பத்தாது. சேலை அஞ்சரை மீட்டர் இருக்குது, நீளம் ஏகத்துக்கு, அகலம் நாலடிக்குள்ள நின்னுருது, அதுல குறுக்கால படுக்க முடியாது. அதனால மீட்டர் கணக்குல அகலத் துணியா எடுத்து ரெண்டு முனையிலயும் கயிறு போற அளவுக்கு மடிச்சு மூணு நாலு தையல் போட்டுக்கங்க.

சூட்டையும் குளிரையும் பொறுத்தவரைக்கும் ஹேமக் நல்லதா கெட்டதாங்கறது நீங்க எங்க தொங்குறீங்கங்கறதைப் பொறுத்தது. முதுகுக்கு அடியில காத்து ஓடும், அதான் அதோட குணம். கரூர், ஈரோடு சித்திரை வெயில்ல மெத்தையில படுத்து வேகுறதுக்கு இது எவ்வளவோ மேல். அதே குணம் ஏற்காட்டுலயோ வால்பாறையிலயோ மார்கழி ராத்திரியில உங்களை விறைக்க வெச்சிரும், கீழ சமவெளியிலயும் பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனியாடியில காத்து அடிக்கறப்ப உடுமலை, பல்லடம் பக்கம் திறந்தவெளியில படுத்தா விடியக்காலம் முதுகு மட்டும் சில்லுன்னு ஆயிரும். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருக்குதே அதுக்குள்ள படுத்தாப் பத்தாதான்னு கேப்பீங்க. பத்தாதுங்க. அதுக்குள்ள அடைச்சிருக்கற பஞ்சுல தேங்கி நிக்கிற காத்துதான் குளிரைத் தடுக்குது, நாம மேல படுத்து நசுக்கினதும் அந்தக் காத்து போயிருது, முதுகுப் பக்கம் வெறும் துணிதான் மிச்சம். அதுக்குத்தான் அண்டர்குவில்ட்டுன்னு ஒண்ணு விக்கிறாங்க, ஹேமக்குக்கு வெளிய, அடியில, நசுங்காமத் தொங்குற ரஜாய். வெலை சாஸ்திதான். ஏற்காடு அளவு குளிருக்கு ஒரு யோகா மேட்டை உள்ள விரிச்சுப் படுத்தாலே பெரும்பாலும் சமாளிச்சுரலாம், என்ன, ராத்திரியில அது வழுக்கி வழுக்கிப் போகும், ரெண்டு அடுக்குத் துணி இருக்கற ஹேமக்குன்னா நடுவுல சொருகிக்கலாம். ரெண்டு அடுக்குல இன்னொரு லாபம், கொசு அடியில இருந்து கடிக்க முடியாது. வலை மேல மூடியிருந்தாலும் ஒத்தை அடுக்கு மெல்லிசுத் துணியில கீழ இருந்து ஊசியை ஏத்திரும் அந்தக் கெரகம். வலை மூஞ்சியில படாம ரிட்ஜ்லைன் மேல தூக்கி நிக்குதான்னும் படுத்துட்டுப் பாருங்க.

மழைக்கு மேல தார்ப்பாய் கட்டினாலும் தண்ணி மரத்துல இருந்து கட்டுப்பட்டை வழியா ஓடி வந்து சத்தமில்லாம துணியை நனைக்கும், தார்ப்பாய்க்குக் கீழ பட்டையில ஒரு சின்னக் கயித்துத் துண்டைத் தொங்க விட்டா அங்கயே சொட்டிரும்.

மரத்துல கட்டுறதுக்கு மெல்லிசுக் கயிறு ஆகாது, மரத்தோட தோலை அறுத்துக் காயம் பண்ணும். குறைஞ்சது ஓரங்குல அகல நாடாப் பட்டை வேணும், அதும் பாலியஸ்டர்ல இருந்தா நீளாம நிக்கும். கொக்கியில எத்தனை கிலோநியூட்டன்னு பொறிச்சிருக்கணும், 12 கிலோநியூட்டன்னா ஏறக்குறைய 1200 கிலோ. சாவிக்கொத்துக்கு விக்கிற அலுமினியக் கொக்கி பாக்குறதுக்கு அச்சு அசல் அப்புடியே இருக்கும், அதுல ஒண்ணுமே பொறிச்சிருக்காது, அதை ஹேமக்குல மாட்டாதீங்க. எதை நம்பிக் கட்டினாலும் ஒன்றரை அடி ஒசரத்துக்கு மேல தொங்க வேண்டாம், கீழ கல்லு இருக்குதான்னு பாருங்க.

டாப்சிலிப், சத்தியமங்கலம் பக்கமெல்லாம் ஆசை ஆசையா இருக்கும், ரெண்டும் புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, வனத்துறை அனுமதி இல்லாம உள்ள தங்கவே கூடாது, யானைத் தடத்துல தொங்கிட்டு இருக்கறது வீரமும் இல்லீங்க. தெரிஞ்சவங்க எஸ்டேட்டு, தோட்டம், இல்லாட்டி அனுமதியோட நடக்குற கேம்ப்சைட்டுன்னு போங்க.

அதுக்கும் முன்னாடி சொந்த எடத்துல ஒரு ராத்திரி தூங்கிப் பாத்துருங்க. சரியா அமையலீன்னா வரிசையா இதைப் பண்ணுங்க: மொதல்ல கால்மாட்டை ஒசத்துங்க, அதுல தீரலீன்னா இன்னும் கொஞ்சம் தொய்வு விடுங்க, அப்பறம் இன்னும் குறுக்கால படுங்க, அப்பறம் முட்டிக்கடியில துண்டு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, எல்லாத்தையும் ஒட்டுக்கா மாத்தினா எதுல செரியாச்சுன்னே தெரியாது. இத்தனையும் பண்ணி அப்பவும் தோளு நெருக்குது, கெண்டைக்கால் அழுத்துதுன்னா ஹேமக் உங்க ஒசரத்துக்குக் குட்டை, அதுக்கு வேற வைத்தியம் கெடையாது, நீளமானது வாங்கிக்கங்க. குட்டையைத் தூக்கிப் போட்டுராதீங்க, கொஞ்சம் ஒசத்திக் கட்டி குறுக்குவாட்டுல, முதுகை ஒரு பக்கத் துணியில சாச்சு காலை அக்கட்ட தொங்கப் போட்டு உக்காந்தா பொழுதோட காப்பி குடிக்க அதை விட நல்ல நாற்காலி கெடைக்காது.